கீழ் வரிசைப் பொட்டலம்

— தோங்பாய் அக்கா, என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. நேத்துல இருந்து புள்ளைக்கு என்ன குடுத்தீங்க?

— ஒண்ணும் குடுக்கல நர்ஸம்மா. புத்தர் சத்தியமா ஒண்ணும் குடுக்கல. ரெண்டு வாய் ஒட்டரிசிச் சோறு. அதையும் துப்பிட்டா.

— வேற?

— எலுமிச்சையும் தேனும் போட்டு வெந்நீர். நீங்க சொன்னதுதானே? மூணு நாளா அதத்தானே ஊத்திக்கிட்டுக் கெடக்கேன். பிம், எம் பொன்னே, கண்ணத் தொற. அம்மாவப் பாரு. நர்ஸம்மா, ஏன் இவ கண்ணு மேல சொருகுது?

— அவ விரலப் புடிங்க. அசையாமப் புடிங்க. ஒரு சொட்டு ரத்தம் எடுக்கணும்.

— சளிக்கு எதுக்கு ரத்தம்?

— சளின்னா உடம்பு சுடணும். இவளுக்குச் சில்லுன்னு இருக்கு, சட்டையெல்லாம் வேர்வை. சுகர் எவ்வளவுன்னு பார்க்கறேன்.

— ஆறு வயசுப் புள்ளைக்கு ஏது சுகரு?

— அக்கா, முப்பத்தி ஒண்ணு காட்டுது.

— அது நல்லதா, கெட்டதா?

— எழுபதாவது இருக்கணும். கையக் குடுங்க. ஊசி போடறேன், வெறும் குளுக்கோஸ்தான், சர்க்கரைத் தண்ணி. அழாதீங்க. உங்க கை ஆடுனா என் ஊசியும் ஆடும். இது என்ன, மணிக்கட்டுல பச்சை நூலு?

— ஐயோ, அதக் கழட்டாதீங்க! உயிரக் கூப்பிட்டுக் கட்டுனது.

— நரம்பு தேடற எடத்துல கட்டி வச்சிருக்கீங்களே.

— விடியக்காலையில வெடவெடன்னு நடுங்குனா. உயிரு பயந்து வெளிய போயிருச்சோன்னு நெனச்சேன். படிக்கட்டுல நின்னு, "வா உயிரே, வீட்டுக்கு வா, அம்மாகிட்ட வா"ன்னு மூணு தடவ கூப்பிட்டுக் கட்டிட்டேன். அவுத்தா போயிரும் நர்ஸம்மா.

— அதுக்கு வெள்ளை நூலுதானே கட்டுவாங்க?

— அந்த நேரத்துல விகாரைக்கு யாரு ஓடறது? கையில கெடந்தத எடுத்துக் கட்டுனேன்.

— சரி, இந்தக் கை வேண்டாம். அந்தக் கையக் காட்டுங்க. அப்படித்தான். ஏறிருச்சு. பயப்படாதீங்க, மெதுவா உள்ள போகுது.

— பிம்? பிம்! கண்ணத் தொறந்துட்டா! பாருங்க, என்னப் பாக்கறா! பசிக்குதாம் நர்ஸம்மா, பசிக்குதுங்கறா!

— நல்லது. ஒரு வாய் சர்க்கரைத் தண்ணி மட்டும் குடுங்க. போனை இங்க வச்சு ஸ்பீக்கர்ல போடுங்க, என் கை ரெண்டும் புள்ளைகிட்ட இருக்கு. நாலாவது பேரு, மாவட்ட ஆஸ்பத்திரி.

— அவசரப் பிரிவு. டாக்டர் பாகின் பேசறேன்.

— டாக்டர், நான் ரச்சனி. மூன் ஆத்து வடகரை சுகாதார நிலையம். ஆறு வயசுப் பொண்ணு, மயக்கமா தூக்கிட்டு வந்தாங்க. சுகர் முப்பத்தி ஒண்ணு. குளுக்கோஸ் ஏத்தினேன், கண்ணு முழிச்சுட்டா. வண்டி அனுப்புங்க.

— வண்டி கெளம்பச் சொல்றேன் சிஸ்டர். ஆனா பாலத்துக்கு மேல தண்ணி போகுது. சுத்தித்தான் வரணும். அம்பது நிமிஷம் ஆகும். அதுக்கு முன்னாடி புள்ளைக்கு என்ன நோவு?

— மூணு நாளா சளி, இருமல், தொண்டை வலி. நான்தான் பார்த்தேன்.

— ஆன்டிபயாட்டிக் குடுத்தீங்களா?

— இல்ல. மூக்கு ஒழுகுச்சு, தொண்டையில வெள்ளைப் புள்ளி ஒண்ணுகூட இல்ல. தொண்டையக் காட்டற கண்ணாடியும் டார்ச்சும் குடுத்து, அவங்க அம்மாவையே பார்க்கச் சொன்னேன். தேவைப்படல டாக்டர்.

— சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. இருந்தாலும், எங்கயோ ஒண்ணு நம்ம கண்ணுக்குத் தப்பும். சின்னப் புள்ளைக்குக் கிருமி ரத்தத்துல எறங்கினாலும் சுகர் இப்படி விழும். இருபது நிமிஷம் கழிச்சு மறுபடி ஒரு சொட்டு எடுங்க. நான் திரும்பக் கூப்பிடறேன்.

— நர்ஸம்மா.

— சொல்லுங்க அக்கா.

— ரத்தத்துல கிருமின்னாரு.

— "இருந்தாலும்"னுதான் சொன்னாரு.

— நான் அன்னைக்கே கேட்டேன்ல? கால்ல விழாத கொறையாக் கேட்டேன்ல? ஒரு கிருமி மாத்திரை குடுங்க, எனக்கு இருக்கறது இவ ஒருத்திதான்னு கேட்டேன். நீங்க என்ன பண்ணீங்க? கையில கண்ணாடியக் குடுத்தீங்க. எம் புள்ளைக்கு மருந்து கேட்டா, மூஞ்சி பாக்கற கண்ணாடி!

— தொண்டையில என்ன இருந்துச்சு அக்கா? நீங்களே சொல்லுங்க. செவப்பா இருந்துச்சு, அவ்வளவுதான். சளிக்குக் கிருமி மாத்திரை குடுத்து ஒண்ணும் ஆகப் போறதில்ல.

— உங்களுக்குத்தான் கணக்கு இருக்கே. நூறு சளிக்கு இருபது பேருக்கு மேல குடுத்தா மேல இருந்து கேள்வி வரும். இந்த மாசம் நீங்க இருபதுல நின்னீங்க, எனக்குத் தெரியாதா? தொண்டரா வந்து அந்தக் கணக்குத் தாளச் செவுத்துல ஒட்டுனதே நான்தான். எம் புள்ள இருபத்தி ஒண்ணாவது ஆளாயிருவான்னு பயந்துட்டீங்க.

— நிறுத்துங்க. அந்த இருபதுக்காக நான் ஒரு புள்ளையத் திருப்பி அனுப்புவேனா? அப்படியா என்ன நெனச்சீங்க?

— எனக்கு நெனக்கத் தெரியல நர்ஸம்மா. பயமா இருக்கு. நீங்க மேசையப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க, உங்களுக்கும் பயமாத்தானே இருக்கு?

— ஆமா. பயமாத்தான் இருக்கு. நான் தப்பாப் பார்த்துட்டேனோன்னு பயமா இருக்கு. போதுமா? இருபது நிமிஷம் ஆச்சு, விரலக் குடுங்க.

— இப்பத்தான் நல்லாப் பேசிக்கிட்டு இருந்தா. மறுபடி தூங்கறா பாருங்க. களைப்பா இருக்கும், இல்ல?

— பிம்! பிம் கண்ணு! கன்னத்தத் தட்டுங்க அக்கா. பலமாத் தட்டுங்க. முப்பத்தி நாலு. குளுக்கோஸ் போட்டும் முப்பத்தி நாலு! இன்னொரு ஊசி அந்த டப்பாவுல இருந்து எடுங்க. வெள்ளை மூடி. சீக்கிரம்.

— இந்தாங்க. எத்தன இருக்கு?

— இதப் போட்டா இன்னும் மூணு. போன் அடிக்குது, எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்க.

— சிஸ்டர், சுகர் எவ்வளவு?

— முப்பத்தி நாலு டாக்டர். ஏத்துனது எல்லாம் எங்கயோ ஓட்டைக் குடத்துல ஊத்துன மாதிரி போகுது.

— சூடு எவ்வளவு?

— காய்ச்சலே இல்ல.

— அப்போ எனக்குக் கிருமி மேல சந்தேகம் கொறையுது. இவ்வளவு வேகமா மறுபடி எறங்குதுன்னா, உள்ள ஏதோ மருந்து ஒண்ணு இருந்து சுகர இழுக்குது. வீட்டுல யாருக்காவது சுகர் வியாதி இருக்கா? புள்ள மாத்திரைய எடுத்துத் தின்னுட்டாளா?

— எங்க வீட்டுல யாருக்கும் இல்லீங்க டாக்டர். நானும் புள்ளையும்தான்.

— அம்மாவா பேசறது? அம்மா, நல்லாக் கேட்டுக்கோங்க. கிருமின்னா ஒரு வைத்தியம், மாத்திரைன்னா வேற வைத்தியம். சுகர் மாத்திரைதான்னு தெரிஞ்சா அதை முறிக்க ஒரு ஊசி இருக்கு. அது என்கிட்ட இல்ல, மாகாண ஆஸ்பத்திரியில இருந்து வாங்கணும். அவங்ககிட்டயும் ரெண்டோ மூணோதான் இருக்கும். "ஏதோ ஒண்ணு"ன்னு சொன்னா அனுப்ப மாட்டாங்க. அதனால புள்ள என்ன தின்னான்னு எனக்குத் தெரியணும்.

— ஒண்ணும் திங்கலீங்க டாக்டர். புத்தர் சத்தியமா.

— சிஸ்டர், நீங்க கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்.

— டாக்டர், ஒரு நிமிஷம் சத்தத்த அமுக்கி வைக்கறேன். அக்கா, இப்ப அவருக்குக் கேக்காது. எனக்கு மட்டும் சொல்லுங்க.

— என்னத்தச் சொல்ல?

— காலையில இருந்து ரெண்டு தடவ புத்தர இழுத்துட்டீங்க. ஒரு தடவ இழுத்தா நம்பியிருப்பேன்.

— நாளைக்கு மாவட்டத்துல இருந்து ஆளுங்க வராங்க நர்ஸம்மா. எனக்குச் சிறந்த சுகாதாரத் தொண்டர்னு சான்றிதழ் தராங்க. பதினாலு கடை ஏறி எறங்கி, வெயில்ல கருகி, பொட்டல மாத்திரையப் புடுங்கிட்டு வந்தவ நானு. கம்போன் கடையில என்ன பேசுனேன் தெரியுமா? "நாலு மாத்திரைய ஒரு பையில போட்டு, என்னன்னு பேருகூட எழுதாம விக்கறியே, நீ கடைக்காரனா கொலைகாரனா"ன்னு தெருவே கேக்கக் கத்துனேன். சொந்தக் கொழுந்தன். இன்னைக்கு வரைக்கும் எங்கூடப் பேசறதில்ல. அப்பேர்ப்பட்ட நான்...

— அப்பேர்ப்பட்ட நீங்க?

— ...நேத்து சாயங்காலம் ஒண்ணு குடுத்தேன். விடிகாலையில ஒண்ணு.

— பொட்டல மாத்திரையா?

— அடிங்க நர்ஸம்மா. செருப்பால அடிங்க.

— எல்லா மாத்திரையுமா?

— நசுக்கித் தேன்ல கொழச்சு, ஒண்ணு விடாமக் குடுத்தேன். நேத்து குடுத்ததுக்கு அப்புறம்தான் ராத்திரியெல்லாம் வேர்த்துச்சு. காய்ச்சல் எறங்குதுன்னு சந்தோசப்பட்டேன் பாவி. விடியக்காலையில நடுங்குனா, கிருமி ஏறுதுன்னு ரெண்டாவதப் பிரிச்சேன்.

— ஏன்க்கா? ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்லிக் குடுக்கறீங்க?

— நீங்க சொன்ன கதைதான்! பயிற்சியில படம் போட்டுக் காட்டுனீங்களே, அந்த மீன்காரரு. காலுல முள்ளு குத்தி, எந்த மருந்துக்கும் சாகாத கிருமி ஏறி, மூணு மாசத்துல போய்ச் சேர்ந்தாரே. கண்ண மூடுனா அந்தக் காலுதான் தெரியுது. எல்லாரும் அதக் கேட்டுட்டு, மருந்தக் கம்மியாத் திங்கணும்னு புரிஞ்சுக்கிட்டாங்க. நான் பெத்தவ. எனக்கு வேற மாதிரி புரிஞ்சுச்சு. கிருமிக்குக் கொழுப்பு ஏறி மருந்துக்கு அடங்காமப் போறதுக்கு முன்னாடி, சின்னதா இருக்கறப்பவே அடிச்சுப்புடணும்னு தோணுச்சு.

— சரி. அழாதீங்க. இப்ப நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. உள்ள என்னென்ன இருந்துச்சு?

— ஒரு செவப்பும் கறுப்புமான குழாய் மாத்திரை. அதுதான் கிருமிக்குன்னு தெரியும். பெருசா வட்டமா வெள்ளை ஒண்ணு. மஞ்சளா ஒண்ணு.

— மூணுதானா?

— நாலு. சின்னதா நீட்டமா இன்னொரு வெள்ளை. நடுவுல கோடு கிழிச்ச மாதிரி இருந்துச்சு.

— நீட்டமா? வட்டமா இல்லையே?

— நீட்டம். அரிசிய விடக் கொஞ்சம் பெருசு. எதுக்குக் கேக்கறீங்க?

— எங்க வாங்குனீங்க?

— கம்போன் கடையில. அவன் திருட்டுத்தனமா இன்னும் விக்கறான்.

— உங்ககூடப் பேசாத கம்போனா?

— ஆள விட்டு வாங்குனேன்.

— அவன் எப்பவும் மெழுகுவத்தியில பைய உருக்கி ஒட்டுவான். ஓரம் கருகியிருக்கும். நாம புடிச்ச அத்தனை பையும் அப்படித்தான் இருந்துச்சு. இதுவும் கருகியிருந்துச்சா?

— இருந்துச்சு... இருந்திருக்கும்.

— அக்கா.

— இல்ல. நூலால கட்டியிருந்துச்சு.

— என்ன நூலு?

— அதான் நீங்களே பார்த்தீங்களே. அவ கையில இருக்கறதுதான். பொட்டலத்த அவுத்ததும் அதுதான் கையில கெடந்துச்சு, அவ நடுங்குனா, கட்டிட்டேன்.

— இந்த நூலா.

— ஏன் நர்ஸம்மா அத அப்படித் தொட்டுத் தொட்டுப் பாக்கறீங்க? மந்திரிக்காத நூலக் கட்டுனதாலதான் உயிரு தங்கலையா?

— அக்கா, நெசத்தச் சொல்லிடுங்க. கூடத்துல இருக்கற நம்ம கண்காட்சிப் பலகையில இருந்து எடுத்தீங்களா?

— நேத்து கூடத்தப் பெருக்க வந்தப்ப சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. நாளைக்குக் கண்காட்சிக்குன்னு ஒட்டி வச்சிருக்கீங்கல்ல, "இவற்றை உண்ணாதீர்"னு மேல எழுதி. அதுல கீழ் வரிசையில ரெண்ட எடுத்தேன். நான் ஊரெல்லாம் சுத்திச் சேர்த்தது நாப்பத்தி மூணுதான். பலகையில நூறு நிக்குது. மீதி பக்கத்துத் தாலுகாவுல இருந்து வந்துச்சுன்னு நீங்க சொன்னீங்க. நூறுல ரெண்டு போனா யாருக்குத் தெரியும்னு நெனச்சேன்.

— கீழ் வரிசை.

— ஆமா, கீழ் வரிசை. மேல இருக்கறதெல்லாம் பளிச்சுன்னு போட்டோவுல விழும்ல, அதான். என்னாச்சு? ஏன் கீழ உக்காந்துட்டீங்க? நர்ஸம்மா! நீங்களும் மயங்கிட்டா நான் என்ன பண்ணுவேன்?

— மயங்கல. எந்திரிக்கறேன். அவ விரலக் குடுங்க.

— திட்டுங்க என்ன. இவ்வளவு நேரம் பேசுனீங்களே. திருடின்னு சொல்லுங்க.

— உங்களத் திட்ட எனக்கு வாயில்லக்கா. நாப்பது. போட்ட ஊசியோட வேகம் கொறையுது. இன்னும் மூணுதான் இருக்கு.

— வண்டி எப்ப வரும்?

— அரை மணி ஆகும். போனைக் குடுங்க.

— நர்ஸம்மா, ஒரு வார்த்தை கேளுங்க. கம்போன் கடையில வாங்குனேன்னே சொல்லிடலாம். உங்க பலகையில இருந்து எடுத்தேன்னு சொன்னா, பூட்டு சாவியெல்லாம் யாருகிட்ட இருந்துச்சுன்னு உங்களத்தான் கேப்பாங்க. என்னால உங்க வேலைக்குக் கெடுதல் வேண்டாம். கம்போனுக்கு ஏற்கெனவே கெட்ட பேருதான், இன்னொண்ணு சேர்ந்தா என்ன? அவன் இல்லன்னு சொன்னா யாரு நம்பப் போறாங்க?

— யாரும் நம்ப மாட்டாங்க.

— அதான் சொல்றேன். நீங்களும் தப்பிச்சுக்கலாம், நானும் தப்பிச்சுக்கலாம்.

— புள்ள?

— என்ன?

— நாம ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம். புள்ள?

— சிஸ்டர், இருக்கீங்களா? சத்தமே இல்ல. ஏதாவது தெரிஞ்சுதா?

— இருக்கேன் டாக்டர். தெரிஞ்சிருச்சு. பொட்டல மாத்திரை குடுத்திருக்காங்க. நேத்து சாயங்காலம் ஒண்ணு, இன்னைக்கு விடிகாலையில ஒண்ணு. அதுல சுகர் மாத்திரை இருந்திருக்கு.

— பொட்டலத்துலயா? சிஸ்டர், இந்த மாவட்டத்துல புடிச்ச பொட்டலம் எல்லாத்தையும் நான் பிரிச்சுப் பார்த்திருக்கேன். கிருமி மாத்திரை இருக்கும், வலி மாத்திரை இருக்கும். எந்தக் கடைக்காரனும் சளிக்குச் சுகர் மாத்திரை போட்டு விக்கறதில்ல. அவனுக்கு அது கெடைக்கவும் கெடைக்காது, அது ஆஸ்பத்திரியில குடுக்கறது. நீங்க பதட்டத்துல ஊகம் பண்றீங்க.

— ஊகம் இல்ல.

— மாகாண ஆஸ்பத்திரிக்கு நான் என்ன சொல்லட்டும்? எந்தக் கடை? ஆள் யாரு? அவனக் கூப்பிட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்கறேன்.

— கம்போன்னு சொல்லுங்க நர்ஸம்மா. உங்க கால்ல விழறேன், கம்போன்னு சொல்லுங்க.

— யாரு பேரையோ சொல்றாங்க, சரியாக் கேக்கல. சிஸ்டர்?

— எழுதிக்கோங்க டாக்டர். பொட்டலத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு சுகர் மாத்திரை. ஒவ்வொண்ணும் அஞ்சு மில்லிகிராம். போன வருசம் காலாவதி ஆனது. கூட செவப்பு கறுப்புக் குழாய் மாத்திரை ஒண்ணு, காய்ச்சல் மாத்திரை பாதி பவர்ல ஒண்ணு, மஞ்சள் வைட்டமின் ஒண்ணு. அந்த ஊசிய வரவழைங்க. இப்பவே வரவழைங்க.

— பேரு எழுதாத பொட்டலம். உள்ள இருந்ததக் காலாவதி வருசத்தோட சொல்றீங்க. எப்படி சிஸ்டர்?

— பலகையில அம்பத்தி ஏழு எடம் காலியா இருந்துச்சு டாக்டர். திங்கறதுக்கு இல்ல, காட்டறதுக்குத்தானேன்னு, எங்க காலாவதி டப்பாவுல கெடந்தத அள்ளிப் போட்டு, கொசுவலை தைக்கற பச்சை நூலால அம்பத்தி ஏழையும் கட்டுனது நான்தான்.